கடைவாய் படுத்தபடியே வேலைக்குப் போன வாரம்

கடைவாய் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்ற சேதி பல் லேபுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தவர்கள் முதலில் கேட்டது, அடி கையிலா காலிலா என்றுதான். கால் என்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பல் வரைவது கையால்தானே.

கடைவாய் என்பது அந்த லேபில் அவளுக்கு விழுந்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, போன பல்லுக்குப் பதில் புதுப் பல் வரைவது அவள் வேலை. வரைந்ததை அனுப்பினால் பக்கத்திலுள்ள மெஷின் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு வெள்ளைக் கட்டியைக் கடைந்து அந்தப் பல்லை வெளியே போடும். முன்பல்லை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், அது பார்வைக்கு. மெல்லுகிற பல் அப்படியல்ல. அதன் மேடு பள்ளத்தை அவள் போட்டால்தான் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் சண்டை வராது. இதை முதலாளியம்மாவே ஒத்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. பெயர் வைத்ததும் அவர்தான். டாக்டர்கள் எதிரில் தம்பி பெண்டாட்டி என்று சொன்னால் சலுகையில் வேலை கொடுத்தது மாதிரி இருக்கிறதாம்.

தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கால் தலையணை மேல் இருந்தது, அவள் கட்டிலில் இருந்தாள், மனசு லேபில் பாதியில் விட்டு வந்த ஒரு கீழ்க் கடைவாயில் இருந்தது.

மறுநாளே நாத்தனார் பார்க்க வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், வாயில் வேறு ஆள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டைத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் போட்டிருக்கிறான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நன்றாகப் பல் வரைகிற ஒருத்தர் வேலை இல்லாமல் சும்மா இருக்கிறாராம். படு வேகமாம். கால் சரியாகும் வரைக்கும் அவர் அந்த நாற்காலியில் உட்காரட்டும் என்றார்.

அந்த ஆளைக் கடைவாய்க்குத் தெரியும். வேகக்காரர் என்றுதான் பல் வட்டாரத்தில் பெயர். கால் சரியாவதற்குள் அந்த நாற்காலி அவர் முதுகுக்குப் பழகிவிடும் என்றும் தெரியும். இந்த வேலையை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேறு லேப் இல்லை. அப்படியே ஒன்று இருந்து, நாத்தனாரை விட்டு வேறு முதலாளியிடம் போனாலும் குடும்பத்தில் அதற்கு ஒரு பஞ்சாயத்து.

"அண்ணி, நான் இங்கேருந்தே அந்த மெஷின்ல வேலை பாக்கறேன்," என்றாள்.

"காலு இங்க, மெஷின் அங்க. நீ எங்க உக்காருவே?"

ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒன்று இருப்பதை அவள் விளக்கினாள். லேபில் மேசைக்கடியில் இருக்கும் அந்தப் பெரிய லினக்ஸ் சர்வருக்குள்தான் வரைகிற மென்பொருள் இருக்கிறது. வீட்டிலுள்ள மடிக்கணினி பாவம், ஒரு தாடையைத் திறந்தாலே மேடேறுகிற பஸ் மாதிரி முக்கும். ஆனால் இங்கே தாடையைத் திறக்க வேண்டாம். திறப்பதும் திருப்புவதும் அங்கே சர்வர் செய்யும், அதன் திரை மட்டும் இங்கே வரும். மெஷின் விற்றவர்கள் பழுது பார்ப்பதற்காக வெளியிலிருந்து உள்ளே வர இன்டர்நெட்டில் ஒரு தனி வழி போட்டு வைத்திருக்கிறார்கள், அது வழியாகப் போய்விடலாம்.

கண்ணெதிரில் நிற்காத எதையும் நாத்தனார் நம்பினதில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது நெருப்புப் பயத்தில் லேபின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிறவர். கணவன் நடுவில் புகுந்து, அக்கா சொல்வதும் சரி, இவள் சொல்வதும் சரி என்று ஒரு பாலம் கட்டினான். அதில் ரெண்டு பேரும் கால் வைக்கவில்லை.

கடைசியில் நாத்தனார் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். நீ இங்க படுத்துக்கிட்டு வரைஞ்ச பல்லு ஒண்ணு அங்க மெஷின்லேருந்து விழணும். விழுந்தா நாற்காலி உன்னோடது. விழலன்னா திங்கக்கிழமைலேருந்து அவரோடது. அப்புறம் என் தம்பிகிட்ட சொல்லி அழக்கூடாது."

லேபில் அவளுக்கு உதவக்கூடிய ஒரே ஆள் மெருகுக்காரர். கடைந்து வரும் பல்லுக்கு நிறம் தீட்டி அடுப்பில் வேகவைத்து, பக்கத்துப் பல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்கிறவர். நடுத்தர வயசு. முடி அளவு தூரிகை பிடித்த கை, நடுங்கவே நடுங்காது. கம்ப்யூட்டரை அதுவரை அவர் தூசி துடைக்க மட்டுமே தொட்டிருந்தார். அன்று, செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து அதன் முன் உட்கார்ந்தார். கடைவாய் ஃபோனில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் எழுத்து எழுத்தாக அடித்தார். அடித்ததைத் திரும்பப் படித்தும் காட்டினார். திரையில் தானாக ஓடின வரிகளையும் விடாமல் படிக்கத் தொடங்க, அதெல்லாம் வேண்டாம் அண்ணே, அது தன்னோட வேலையைப் பாத்துக்கும் என்று அவள் தடுக்க வேண்டியிருந்தது.

பாஸ்வேர்டு வந்தபோதுதான் வண்டி நின்றது.

"அடிச்சிட்டேன் கடைவாயம்மா. ஒண்ணும் விழலியே."

"விழாது அண்ணே. ரகசியம்கிறதால காட்டாது."

"எனக்கே காட்டாதா? அடிக்கிறதே நான்தானே."

"யாருக்கும் காட்டாது. முழுசா அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

அடிக்கிறவனையே நம்பாத இப்படி ஒரு பெட்டியிடமா இத்தனை வருஷமாக இந்தப் பெண் குப்பை கொட்டினாள் என்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அடித்தார். கதவு திறந்தது. அதற்குப் பிறகு அவர் தேவைப்படவில்லை, திரையிலிருந்து முறையாக வெளியேற வைத்து அனுப்பிவிட்டாள். கடைவாய் கட்டிலிலிருந்தே, படமில்லாமல் கட்டளைகளை மட்டும் அடிக்கிற எழுத்து வழியாக சர்வருக்குள் போய்விட்டாள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேண்டியதை இறக்கினாள், ஓடவிட்டாள், வெளியாட்களைத் தடுக்கிற ஃபயர்வாலில் அந்தத் தனி வழிக்கு மட்டும் இடம் விட்டாள். எல்லாம் எழுத்தால் ஆன வேலை. எழுத்தால் பல் வரைய முடியாது என்பது ஒன்றுதான் குறை.

சாயந்திரம் மெருகுக்காரர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் அவள் முதல் தடவையாகத் திரைக்குள் நுழைந்தாள். பேரைக் கேட்டது, பாஸ்வேர்டைக் கேட்டது, வா என்றது. லேபின் திரை அப்படியே மடியில் வந்து உட்கார்ந்தது. பாதியில் விட்ட கீழ்க் கடைவாய்க் கோப்பு அதே மூலையில். கடைவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கணவனைக் கூப்பிட்டாள். அவன் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பதற்கும் திரை பொசுக்கென்று போவதற்கும் சரியாக இருந்தது. அங்கே நாத்தனார் மெயினை இறக்கிவிட்டார்.

"நல்லா இருக்கே," என்றான் கணவன், ஒன்றுமில்லாத திரையைப் பார்த்து.

அவள் உடனே மெருகுக்காரருக்கு ஃபோன் போட்டு, இனிமேல் அண்ணி மெயினில் கை வைப்பதற்குள் சர்வரை முறையாக அணைத்துவிடுங்கள், காலையில் வந்ததும் போட்டுவிடுங்கள் என்று சொன்னாள். அதைச் சொல்வானேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்வார். வினை அங்கேதான் ஆரம்பம்.

புதன்கிழமை காலை அவள் தலைவாரி, நல்ல மேல்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேரைக் கேட்டது. பாஸ்வேர்டைக் கேட்டது. வா என்றது. உள்ளே ஒரே கறுப்பு. கொஞ்ச நேரம் அந்த இருட்டில் நிற்கவைத்துவிட்டு வெளியே தள்ளியது. மறுபடி போனாள், மறுபடி தள்ளியது.

நாத்தனார் ஃபோனில் காத்திருந்தார். "வந்துட்டியா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணி."

"எங்க வந்துக்கிட்டு இருக்கே? வழியில டிராஃபிக்கா?"

உலகத்தில் கறுப்புத் திரையைப் பார்த்தவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல என்று இணையத்தில் தேடியதும் தெரிந்தது. ஊரெல்லாம் பார்த்திருக்கிறார்கள். இருமலுக்குச் சொல்கிற மாதிரி ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் இந்த வரியைச் சேர் என்றார். இன்னொருவர் அந்த வரியை எடு என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று சாபம் மாதிரி எழுதியிருந்தார். கடைவாய் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். எழுத்து வழியாகப் போனால் சர்வர் சமர்த்தாகப் பேசியது. திரை கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு தடவை, இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அதனிடமே கேட்டாள். அவள் பேரைச் சொன்னது, அதுவும் இரண்டு தரம். நான்தானே வந்திருக்கிறேன், போன தடவை வந்த சுவடாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மெருகுக்காரரிடம் சர்வரை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டார். போட்டாச்சா என்றாள். போட்டாச்சு, எல்லாம் தயாராக இருக்கிறது, நீங்க வர வேண்டியதுதான் பாக்கி என்றார். போனாள். கறுப்பு.

வியாழக்கிழமையும் அப்படியே போனது. நாத்தனார் ஃபோனில் அழைப்பதை நிறுத்திவிட்டார், அது திட்டுவதைவிட மோசம். ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, நாளைக் காலையில் அந்த வேகக்காரர் லேபைச் சும்மா பார்க்க வருகிறாராம் என்றான்.

"சும்மாவா?"

"சும்மாதான்னு அக்கா சொல்லிச்சு."

"நாற்காலியில சும்மா உக்காந்தவங்க யாரு தானா எந்திரிச்சிருக்காங்க, சொல்லுங்க பாப்போம்."

அவன் இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது மெருகுக்காரர் கூப்பிட்டார். அடுப்பு அறைக்குள் நின்று பேசுகிறார் போலிருந்தது, குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"கடைவாயம்மா, மோசம் போச்சு. அவர் உக்காந்துட்டார்."

"எதுல?"

"உங்க நாற்காலியிலதான். ஒரு பல்லு வரைஞ்சு காட்டுங்கன்னு முதலாளியம்மா சொன்னாங்க, சடக்குனு உக்காந்துட்டார். எனக்கு வயிறு எரியுது. உங்களுக்காக நான் தொறந்து வச்சதுலயே உக்காந்துட்டாரே."

கடைவாய் தட்டுவதை நிறுத்தினாள். "எனக்காக எதைத் தொறந்து வச்சீங்க?"

"மெஷினைத்தான். தெனமும் காலைல வந்ததும் போட்டு, உங்க பேரை அடிச்சு, பாஸ்வேர்டு அடிச்சு, பல்லு படம் வர்ற வரைக்கும் தொறந்து வச்சிருவேன். நீங்க அங்கேருந்து வரும்போது எல்லாம் சூடா இருக்கணும்ல. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டு வச்சிருப்பேன்."

"புதன்கிழமைலேருந்தா?"

"முந்தின நாள் சாயந்திரம்தானே பாத்துக்கறேன்னு சொன்னேன்."

கடைவாய் மாவுக்கட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள், எட்டவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு பேரில் ஒருத்தர்தான் திரை முன்னால் உட்கார முடியும். லேபில் அவள் பேரில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அது நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்து இன்னொருத்தி அதே பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் அது பாவம் என்ன செய்யும், இருட்டில் நிறுத்தி வைத்துவிட்டு அனுப்பியது. உள்ளே இருந்த அந்த இரண்டாவது ஆள் சுவடல்ல. மெருகுக்காரரின் நல்ல மனசு.

அவள் அதை அவரிடம் எளிதாகத்தான் சொன்னாள். அப்போ இந்த மூணு நாளும் உங்களைத் தெருவில் நிறுத்தியது நான்தானா என்று கேட்டார் அவர். அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது. அதெல்லாம் பிறகு பார்க்கலாம் அண்ணே, முதலில் அந்த ஆளை எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்றாள்.

போய் வந்தார். எழுப்ப முடியாதாம். பாதிப் பல்லில் இருக்கிறாராம். மத்தியானம் ஆகட்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாராம்.

மத்தியானம் ஆனால் கெடு முடிந்தது. கடைவாய் யோசித்தாள். எழுத்து வழி திறந்துதான் இருந்தது. தன் பேரில் அங்கே உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட அவளுக்கு ஒரே ஒரு வரி போதும். ஆனால் அப்படிச் செய்தால் அந்த மனுஷன் காலையிலிருந்து வரைந்தது காற்றோடு போய்விடும். பாதிப் பல்லைப் பறிப்பது பாவம், அது யார் வாய்க்கு என்றாலும்.

"அண்ணே, அவரைச் சேமிக்கச் சொல்லுங்க."

மறுபடி போய் வந்தார். "ரெண்டு தடவை சேமிச்சார். எதுக்குன்னு கேட்டார். கரண்ட் போனாலும் போகும்னு சொல்லிட்டேன்."

"போகும்," என்றாள் கடைவாய், வரியை அடித்தாள்.

லேபில் நடந்ததை மெருகுக்காரர் பிற்பாடு அவளிடம் பல தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்து. வேகக்காரர் பல்லைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பல் மறைந்தது, திரை மறைந்தது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி, நான் ஒண்ணும் தொடலை என்றார். நாத்தனார் ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் பார்த்தார். அது நிமிர்ந்துதான் இருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது. திரை திரும்பி வந்தபோது கடைவாயின் பேரைப் போட்டு, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. அது தெரிந்த ஒரே மனுஷர், அடுப்பில் பல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அடுப்பில் பல் எதுவும் இல்லை.

இங்கே கட்டிலில், பேரைக் கேட்டது, பாஸ்வேர்டைக் கேட்டது, வா என்றது. வெளிச்சம் வந்தது.

வந்ததும் அவள் செய்த முதல் காரியம் தன் பல்லைத் திறந்ததல்ல. அந்த ஆள் சேமித்து வைத்த பாதிப் பல்லைத்தான் திறந்தாள். வேகக்காரர் பல் என்றால் ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவள் அவள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், மேடு இருக்க வேண்டிய இடத்தில் மேடு. மூடி வைத்துவிட்டுத் தன் கீழ்க் கடைவாயை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கணவன் கொண்டு வந்து வைத்த காபியை அவள் தொடவில்லை. அவன் ஏதோ கேட்டான், பதில் சொன்னதாக நினைவில்லை. மேல்பல் எங்கே வந்து உட்காரும், நாக்கு எந்தப் பக்கம் உரசும், அந்த வாய்க்காரர் எந்தப் பக்கமாக மெல்கிறவர் என்பதெல்லாம் பக்கத்துப் பல்லின் தேய்மானத்திலேயே தெரியும், தெரிகிறவர்களுக்கு. ஒரு மேட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாள். மறுபடி ஏற்றினாள். அனுப்பினாள்.

லேபில் யாரும் பொத்தானை அழுத்தாமலே கடையும் மெஷின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீரைப் பீச்சியது. அதன் மேல் சாய்ந்து நின்றிருந்த நாத்தனார் இரண்டு அடி பின்னால் போனார். வேகக்காரர் கையை மறுபடி தூக்கினார்.

பல் விழுந்தது. நாத்தனார் அதை எடுத்து அச்சுத் தாடையில் பொருத்தி, நடுவில் நீலத் தாளை வைத்து, மேலும் கீழும் கடிக்கவிட்டுப் பார்த்தார். புள்ளி விழ வேண்டிய இடங்களில் விழுந்திருந்தது. அப்போதும் மத்தியானம் ஆகவில்லை. ஃபோனை எடுத்தார்.

"யாரு அது உள்ள?"

"நான்தான் அண்ணி."

"பல்லு வந்துச்சு, சரி. அவரை வெளிய அனுப்பினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"படுத்துக்கிட்டேவா?"

"காலு தலகாணி மேல இருக்கு அண்ணி."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது, நாத்தனார் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள அவளுக்கு நேரமானது; குடும்பத்தில் அதை அதிகம் கேட்டவர்கள் இல்லை. "ஒரு ஆளை வேண்டாம்னு சொல்லி எழுப்பி அனுப்பறதுக்குள்ள எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போகுது. நீ காலை நீட்டிக்கிட்டே எழுப்பிட்டே," என்றார். பக்கத்தில் வேகக்காரர் நின்றுகொண்டிருந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது கடைவாய்தான். அந்தப் பாதிப் பல் கண்ணிலேயே நின்றது. ரெண்டு பேர் செய்கிற அளவு லேபில் வேலை இருப்பது அவளுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். சொல்வது யார் என்பதுதான் இத்தனை நாள் பாக்கி. அவள் சொன்னாள். வேகக்காரர் வேண்டுமானால் திங்கட்கிழமை வரட்டும், நாற்காலியிலேயே உட்காரட்டும், நான் இங்கிருந்து வருவதற்கு அது தேவையில்லை. ஆனால் என் பேரில் உட்காரக்கூடாது. அவருக்கென்று வேறு பேர் போட்டுத் தருகிறேன், பேர் வேறானால் ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் இருக்கலாம், யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

பின்னாலிருந்து மெருகுக்காரர், தனக்கும் ஒரு பேர் போட முடியுமா என்று கேட்டது ஃபோனில் கேட்டது. எதற்கு என்றார் நாத்தனார். சும்மா அப்பப்போ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர என்றார் அவர். போய் அடுப்பைப் பாருங்கள் என்று அனுப்பப்பட்டார்.

"சரி, போடு," என்றார் நாத்தனார். "அவருக்கும் எல்லாப் பல்லும் தொறக்குற மாதிரி போட்டுடு."

"முன்பல்லு எல்லாம் தொறக்கும் அண்ணி. கடைவாய்ப் பல்லு மட்டும் அந்தப் பேர்ல தொறக்காது."

"மெஷின் விடாதா, நீ விடமாட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி," என்றாள் கடைவாய், ஆறிப்போன காபியை எட்டி எடுத்துக்கொண்டு.